சண்டைக்கு ஆள் இல்லை!

ஈயச் சிப்பாய்கள் தயார். எதிர் நாற்காலி காலி

ஒரு பக்கம் ரோமாபுரிப் படை. மறு பக்கம் கார்த்தேஜ் படை. கார்த்தேஜ் படையின் முன்வரிசையில் யானைகள் நிற்கின்றன. நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் இரண்டு குன்றுகள்.

இத்தனையும் இருப்பது எங்கே தெரியுமா? ஒரு மேஜையின் மேல்!

சிப்பாயின் உயரம் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஈயத்திலோ, வேறு உலோகக் கலவையிலோ வார்த்த பொம்மை. கேடயத்துக்கு ஒரு வர்ணம். தலைக் கவசத்துக்கு ஒரு வர்ணம். மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தீட்ட வேண்டும். ஒரு படையை முடிக்க மாதக் கணக்கில் ஆகும்.

இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். அளவுகோல் வைத்துப் படையை நகர்த்துகிறார்கள். பகடை உருட்டுகிறார்கள். நல்ல எண் விழுந்தால் குதிரைப் படை பாயும். கெட்ட எண் விழுந்தால் அதே குதிரைப் படை ஓடும்.

இதுதான் மேஜைப் போர்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இது பெரிய பொழுதுபோக்கு. தேசிய அளவில் பந்தயங்கள் நடக்கும். ஆனால், பழைய சரித்திரச் சண்டைகளை ஆடும் பந்தயங்களில் கூட்டம் குறைந்துவிட்டது. மண்டபம் நிறைய மேஜை போட்ட இடத்தில், இப்போது ஒரு மூலை போதும் என்கிற நிலை. வருகிறவர்களிலும் நரைத்த தலைகளே அதிகம்.

ஏன் இப்படி ஆயிற்று?

தமிழர் படையும் உண்டு!

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்.

ஒவ்வொரு படைப் பிரிவுக்கும் ஒரு 'விலை' உண்டு. யானைக்கு விலை அதிகம். கல் எறிகிறவனுக்கு விலை குறைவு. இருவருக்கும் கிடைக்கும் மொத்தப் புள்ளி ஒன்றுதான். அந்தப் புள்ளிக்குள் அவரவர் தம் படையைச் சேர்க்க வேண்டும். யானை நிறைய வாங்கினால் காலாட்கள் குறையும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது போலத்தான்!

எந்த நாட்டுப் படையில் என்ன இருக்கலாம் என்பதற்குப் பட்டியல்கள் உண்டு. சரித்திர நூல்களைப் படித்துத் தயாரித்தவை. எகிப்து, கிரேக்கம், சீனா, மங்கோலியா என்று எத்தனையோ படைகள். பிரிட்டிஷ் பட்டியலில் தமிழர் படையும் இருக்கிறது. அதில் யானைகளும் உண்டு.

இன்னொரு வகையில் பொம்மை கிடையாது. அச்சடித்த வரைபடம் இருக்கும். அதில் தேன்கூட்டு அறைகள் போலக் கட்டங்கள். சின்ன அட்டைத் துண்டுகள்தான் படைகள்.

ஒரு ஆட்டம் முடிய மூன்று மணி நேரம் ஆகும். சில ஆட்டங்கள் நாள் முழுவதும் நடக்கும். பந்தயம் என்றால் இரண்டு மூன்று நாள் வெளியூரில் தங்கி ஆட வேண்டும்.

சதுரங்கத்தின் பேரன்

இந்த ஆட்டத்துக்குப் பாட்டனார் யார்? நம் நாட்டுச் சதுரங்கம்தான்!

சதுரங்கம் என்றால் நான்கு அங்கங்கள். யானை, குதிரை, தேர், காலாள். இந்தியாவில் பிறந்த அந்த ஆட்டம் பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே 'செஸ்' ஆனது.

ஜெர்மனியில் பிரன்ஸ்விக் என்று ஒரு நகரம். அங்கே ஹெல்விக் என்ற கணித அறிஞர் இருந்தார். 1780-ல் அவர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கினார். நம் பலகையில் 64 கட்டங்கள். அவர் பலகையிலோ ஆயிரத்துக்கு மேல்! மலை, ஆறு, சதுப்பு நிலம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வர்ணம்.

அடுத்து வந்தவர் ரைஸ்விட்ஸ். பிரஷ்யா நாட்டு அரசாங்க அதிகாரி. 1812-ல் தம் போர் மேஜையைப் பிரஷ்ய மன்னருக்குக் காட்டினார். அவருடைய மகன் பீரங்கிப் படை அதிகாரி. அந்த மகன் ஆட்டத்தை மேலும் திருத்தி, 1824-ல் விதிகளை வெளியிட்டார். நிஜ வரைபடம், படையைக் குறிக்கும் சின்னக் கட்டைகள், தீர்ப்புச் சொல்ல நடுவர் என்று எல்லாம் வந்தன.

பிரஷ்யப் படையின் தலைமை அதிகாரி மூஃப்ளிங் பார்க்க வந்தார். ஆரம்பத்தில் அவருக்கு ஆர்வமே இல்லை. ஆட்டம் நடக்க நடக்க நிமிர்ந்து உட்கார்ந்தார். இது விளையாட்டு அல்ல, போர்ப் பயிற்சி என்று வியந்தார். படை முழுவதும் இதைப் பழக வேண்டும் என்று சிபாரிசு செய்தார்.

பிறகு பல நாட்டு ராணுவங்களும் இதைப் பிடித்துக்கொண்டன.

வெல்ஸ் சொன்ன பாடம்

ராணுவத்தின் ஆட்டத்துக்கு வீட்டில் ஓர் இடம் தேடிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் எச். ஜி. வெல்ஸ். கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றிக் கதை எழுதிய அதே வெல்ஸ்தான்!

1913-ல் அவர் 'சின்ன யுத்தங்கள்' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்துவார். சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுடுவார். குண்டு என்பது சின்ன மரத்துண்டு. அது பட்டு விழுந்த சிப்பாய் 'செத்தவன்'.

ஆனால் வெல்ஸ் யுத்தத்தை விரும்பியவர் அல்ல. பொம்மை யுத்தத்தை நாலு தடவை ஆடினாலே போதும், நிஜ யுத்தம் எவ்வளவு மூடத்தனம் என்று புரிந்துவிடும் என்பது அவர் கருத்து. மேஜை மேல் விழுந்த சிப்பாயை எடுத்துப் பெட்டியில் வைக்கலாம். மறுநாள் அவன் மறுபடியும் எழுந்து நிற்பான். போர்க்களத்தில் விழுந்தவன் எழுவானா?

புத்தகம் வந்த மறு ஆண்டே, 1914-ல், முதல் உலகப் போர் மூண்டது.

கூட்டம் சேர்ந்த காலம்

அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் என்று ஓர் இளைஞர். ராணுவத்தில் அதிகாரியாக விரும்பினார். போர்க்கலையைப் பழக ஆட்களுக்கும் துப்பாக்கிக்கும் எங்கே போவது? வீட்டிலேயே ஓர் ஆட்டம் உண்டாக்கினார். 1954-ல் அதைத் தபால் மூலம் விற்கத் தொடங்கினார். 1958-ல் பால்டிமோர் பக்கம் 'அவலான் ஹில்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

பிரிட்டனில் டொனால்ட் பெதர்ஸ்டோன் 1962-ல் மேஜைப் போர் பற்றிப் புத்தகம் எழுதினார். அதைப் படித்து ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஏராளம். 1969-ல் சில நண்பர்கள் சேர்ந்து பழங்காலப் போர்களுக்கான விதிப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார்கள். எல்லா ஊரிலும் ஒரே விதி இருந்தால்தானே பந்தயம் நடத்த முடியும்?

1968-ல் அமெரிக்காவில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் ஒரு கூட்டம் நடந்தது. நடத்தியவர் கேரி கைகாக்ஸ். மண்டபத்துக்கு வாடகை 50 டாலர். வந்தவர்கள் சுமார் 100 பேர். கூட்டத்துக்கு 'ஜென் கான்' என்று பெயர் வைத்தார்கள். போர் விதிகளுக்குப் பெயர் போன ஜெனீவா ஒப்பந்தத்தின் பெயரை வைத்து ஒரு வேடிக்கை!

1975-ல் பால்டிமோரில் 'ஆரிஜின்ஸ்' என்ற பெரிய கூட்டம் தொடங்கியது. ஆட்டம் பிறந்த ஊர் என்பதால் அந்தப் பெயர்.

எங்கோ ஒரு மூலையில், தனியாக அட்டையை நகர்த்திக்கொண்டிருந்த பையனுக்கு, தன்னைப் போல் ஆயிரம் பேர் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

1980-ல் வியாபாரம் உச்சத்துக்குப் போனது. அந்த ஓர் ஆண்டில் 20 லட்சத்துக்கு மேல் சரித்திரப் போர் ஆட்டங்கள் விற்றன. இது பிரபல ஆட்ட ஆசிரியர் ஜேம்ஸ் டனிகன் தந்த கணக்கு. அதே கணக்கின்படி, 1991-ல் அதில் கால் பங்கு கூட விற்கவில்லை.

வீட்டுக்குள் பிறந்த போட்டி

முதல் அடி வெளியிலிருந்து வரவில்லை. சொந்த வீட்டிலிருந்தே வந்தது!

ஜென் கான் நடத்திய அதே கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற நண்பரோடு சேர்ந்து 1974-ல் ஒரு புது ஆட்டம் வெளியிட்டார். அதுதான் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் பெரிய படை வேண்டாம். ஆளுக்கு ஒரு பாத்திரம். நீங்கள் மந்திரவாதி, நான் வாள் வீரன். எல்லோரும் சேர்ந்து கதை கட்டிக்கொண்டே போகலாம். படை தீட்ட மாதக் கணக்கில் உட்கார வேண்டியதில்லை.

இளைஞர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். டனிகன் தொடங்கிய கம்பெனி கடனில் மூழ்கியது. 1982-ல் அதை எடுத்துக்கொண்டது யார்? 'டிராகன்ஸ்' ஆட்டத்தின் கம்பெனியே!

ஜென் கான் இன்றும் நடக்கிறது. 2024-ல் 70 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆனால் அதில் சரித்திரப் போர் ஆடுகிறவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். பந்தி பெரிதாகிவிட்டது. பந்தியைத் தொடங்கியவருக்கு ஓரத்தில் ஓர் இலை!

பிரிட்டனில் 1983-ல் 'வார்ஹேமர்' வந்தது. பூதங்களும் குள்ளர்களும் மோதும் கற்பனைப் போர். 1987-ல் அதன் விண்வெளிப் பதிப்பு வந்தது. இவையும் பொம்மைப் படைதான், பகடைதான். இந்தப் பந்தயங்களில் இன்றும் கூட்டம் நெரிகிறது. ஆகவே பகடை செத்துவிடவில்லை. சீசரும் நெப்போலியனும்தான் ஆள் இல்லாமல் நிற்கிறார்கள்.

நடு இரவில் ஓர் எதிராளி

அடுத்து வந்தது கம்ப்யூட்டர்.

மேஜைப் போருக்கு இடம் வேண்டும். எதிராளி வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு வேண்டும். கம்ப்யூட்டருக்கு இவை எதுவும் வேண்டாம். நடு இரவில் கூப்பிட்டாலும் சண்டைக்கு வரும். கணக்கையெல்லாம் தானே போட்டுக்கொள்ளும். ஆட்டத்தைப் பாதியில் விட்டாலும் கோபித்துக்கொள்ளாது.

பிறகு இணையம் வந்தது. பழைய அட்டை ஆட்டங்களையே திரையில் வைத்து, கடல் தாண்டி இருப்பவரோடு ஆடலாம் என்றானது. இதில் நன்மையும் உண்டு. நடக்க முடியாத முதியவர் வீட்டிலிருந்தே ஆடுகிறார். பக்கத்தில் எதிராளியே இல்லாத ஊர்க்காரர் ஆடுகிறார். ஆனால் ரயில் டிக்கெட்டும் ஓட்டல் வாடகையும் கொடுத்துப் பந்தயத்துக்குப் போகும் அவசியம் குறைந்தது.

1998-ல் அவலான் ஹில் கம்பெனி கைமாறியது. ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. அவலான் ஹில் ஆட்டங்களுக்காக ஆண்டுதோறும் நடந்துவந்த பந்தயக் கூட்டம் என்னவாகும்?

ஆட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தாங்களே ஒரு சங்கம் வைத்தார்கள். 1999 முதல் தாங்களே உலகப் பந்தயம் நடத்தினார்கள். கம்பெனி போனாலும் கூட்டம் பிழைத்தது. பாராட்ட வேண்டிய காரியம்!

ஆனால் அங்கும் காற்று மாறி அடித்தது. 1995-ல் ஜெர்மனியில் 'கட்டான்' என்ற ஆட்டம் பிறந்தது. அதில் சண்டை இல்லை. சாலை போடலாம், வீடு கட்டலாம், கம்பளியைக் கொடுத்துக் கோதுமை வாங்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஆடலாம். இந்த மாதிரி ஆட்டங்களின் மேஜைகள் நிரம்பின. போர் மேஜைகள் சுருங்கின.

ஒரே வாசல், நான்கு பந்தி

குற்றம் எல்லாம் மற்றவர்கள் மேல்தானா? இல்லை. போர் ஆடுகிறவர்களும் தங்கள் கதவைத் தாங்களே சாத்திக்கொண்டார்கள்.

விதிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் சில பக்கங்கள். பிறகு ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு புது விதி. 1985-ல் வந்த ஒரு புகழ் பெற்ற ஆட்டத்தின் விதிகள் 200 பக்கங்களைத் தாண்டும். பழகியவருக்கு அது பாயசம். புதிதாக வந்தவருக்குக் கசாயம்!

விதிகள் பிரிந்தும் போயின. பிரிட்டனில் பழங்காலப் போர்ப் பந்தயங்களுக்கு 1993 முதல் ஒரு விதிப் புத்தகம் செல்வாக்காக இருந்தது. 2007-ல் அதற்கு ஒரு வாரிசு வந்தது. 2008-ல் வேறொரு கம்பெனியின் விதி வந்தது. பிறகு பிரான்சிலிருந்து ஒன்று. சிலர் பழைய விதியை விடவில்லை. சிலர் புது விதிக்குத் தாவினார்கள். நூறு பேர் ஒன்றாக ஆடிய இடத்தில், இருபது பேர், முப்பது பேர் என்று தனித்தனியாக உட்கார்ந்தார்கள். ஒரே கல்யாணத்துக்கு வந்தவர்கள் நான்கு பந்தியாகப் பிரிந்தால், எந்தப் பந்தி நிறைந்ததாகத் தெரியும்?

இன்னொரு காரணமும் உண்டு. இது ஆண்களின் ஆட்டம் என்றே வைத்துவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் வாசலுக்கு வெளியே நின்றால், உள்ளே கூட்டம் எப்படிச் சேரும்?

தளபதியைத் தோற்கடித்த பெண்

பெண்களுக்கு இந்த ஆட்டம் வராது என்று யாராவது சொன்னால், லிவர்பூல் கதையைச் சொல்லுங்கள்.

1942. இரண்டாவது உலகப் போர். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உணவு வருவதே கஷ்டம் என்ற நிலை. வழி கண்டுபிடிக்க லிவர்பூலில் ஒரு பிரிவு அமைத்தார்கள். தலைவர் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ். அவரோடு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கடற்படையில் சேர்ந்த இளம் பெண்கள்.

அவர்கள் செய்தது என்ன? தரையைக் கடலாக்கினார்கள்! பொம்மைக் கப்பல்களை வைத்தார்கள். அவை போகும் பாதையைச் சாக்குக் கட்டியால் வரைந்தார்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று ஓட்டை வழியாகப் பார்ப்பார்கள். நடுக்கடலில் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவே தெரியும்.

இப்படி ஆடி ஆடியே நீர்மூழ்கிகளின் தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு மாற்றும் கண்டுபிடித்தார்கள். சுமார் 5,000 அதிகாரிகள் அங்கே பயிற்சி பெற்றார்கள்.

அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டனுக்குச் சந்தேகம். அவர் பழைய நீர்மூழ்கிக் கப்பல்காரர். தாமே ஜெர்மன் நீர்மூழ்கியாக ஆடிப் பார்த்தார். ஐந்து தடவை மூழ்கடிக்கப்பட்டார்! திரைக்குப் பின்னால் ஆடிய எதிராளி யார் என்று கேட்டார். ஜேனட் ஓக்கல் என்ற இளம் பெண்.

அப்படிப்பட்ட கைகளைத்தான் பந்தய மண்டபங்கள் நெடுங்காலம் அழைக்காமல் இருந்துவிட்டன.

நஷ்டம் என்ன?

பொம்மை ஆட்டத்துக்கு ஆள் வராவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம்.

மேஜையில் தோற்றவர் எழுந்து போய்விடுவதில்லை. இருவரும் கை குலுக்குகிறார்கள். எங்கே தவறு என்று பேசுகிறார்கள். அந்தக் குன்றை முதலில் பிடித்திருக்க வேண்டும் என்று ஜெயித்தவர் சொல்கிறார். தோற்றவர் தலையை ஆட்டுகிறார். இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒருவரையொருவர் தெரியாது. இப்போது சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். எதிராளி வேறு, பகைவன் வேறு என்பதை இதைவிடச் சுலபமாக எங்கே கற்க முடியும்?

சரித்திரமும் அந்த மேஜையில்தான் பிழைத்திருக்கிறது. ஒரு படையைத் தீட்டுவதற்காகவே பத்துப் புத்தகம் படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை யாரிடம் சொல்லிவிட்டுப் போவது?

வெல்ஸ் சொன்ன பாடமும் இருக்கிறது. நன்றாகத் திட்டம் போட்டும், ஒரு பகடையில் படை சிதறுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு யுத்தம் என்றால் உற்சாகம் வராது, பயம்தான் வரும். அந்தப் பயம் நல்லது.

மருந்து இருக்கிறது

நிலைமை கைமீறிப் போகவில்லை. சில இடங்களில் புத்திசாலித்தனமாக நடக்கிறார்கள்.

1990-ல் பிரிட்டனில் ஒரு குட்டி விதி வந்தது. பக்கத்துக்குப் பன்னிரண்டே பிரிவுகள். இரண்டு அடிச் சதுர மேஜை போதும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். செலவும் குறைவு. அதற்கு இன்றும் ஆள் இருக்கிறது.

லண்டனில் 1972 முதல் நடந்துவரும் 'சல்யூட்' கண்காட்சியில், வேடிக்கை பார்க்க வந்தவரையே உட்கார வைத்து ஆட்டம் சொல்லித் தருகிறார்கள். படை இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை. மேஜையில் தயாராக இருக்கும். அமெரிக்க உலகப் பந்தயத்தில் சிறுவர்களுக்குத் தனி ஆட்டங்கள் வைத்திருக்கிறார்கள். விதி தெரியாதவர்கள் முதலில் பாடம் கேட்டுவிட்டு ஆட்டத்தில் சேரவும் வழி இருக்கிறது.

2020-ல் கொரோனா வந்தபோது இந்தக் கூட்டங்கள் எல்லாம் நின்றன. திரையில் ஆடலாம் என்ற வசதி அப்போதும் இருந்தது. ஆனாலும் கதவு திறந்ததும் பலர் மறுபடியும் வந்தார்கள். எதிரில் ஒரு மனித முகம் வேண்டும் என்ற ஆசை போய்விடவில்லை.

பாட்டி இருந்தால்தான் பேரன் பல்லாங்குழி கற்பான். ஆடு புலி ஆட்டத்துக்கும் அதே கதிதான். மேஜைப் போருக்கு மட்டும் வேறு சட்டமா?

காசு கொடுத்தால் படை கிடைக்கும். யானை கிடைக்கும். குன்றும் ஓடையும்கூடக் கிடைக்கும். எதிராளி மட்டும் கடையில் கிடைக்கமாட்டார். பக்கத்தில் உட்கார வைத்து, தோற்றாலும் தட்டிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தந்துதான் ஒருவரை உண்டாக்க வேண்டும்.

அந்தப் பொறுமை உள்ள ஊரில் நாற்காலி காலியாக இருக்காது!